கரையில் பிறந்த நாணய சங்கம்

சிலாபத்திலிருந்து புத்தளத்துக்குச் செல்லும் பெருஞ்சாலையை விட்டு மேற்கே திரும்பினால், முந்தல் களப்புக்கும் கடலுக்கும் இடையே ஒடுங்கிக் கிடக்கும் மணல் நிலத்தில் உடப்பு என்னும் தமிழூர் இருக்கிறது. ஆடி மாதத்தில் திரௌபதை அம்மன் கோயில் தீமிதிப்பைக் காண வருவோர் இவ்வூரை அறிவர். கரைவலை இழுப்போரின் அம்பாப் பாடல்களைத் தேடி வந்த நாட்டார் இலக்கிய ஆர்வலரும் அறிவர். தீமிதிப்பைப் பற்றியும் பாடலைப் பற்றியும் வேண்டிய அளவு எழுதப்பட்டுவிட்டது. அந்தப் பாட்டுக்கு இசையக் கயிற்றை வலிக்கும் கைகளுக்கு, கடல் கொந்தளிக்கும் மாதங்களில் சோற்றுக்குக் கடன் கொடுப்பவர் யார், எதை ஈடாகப் பெற்றுக்கொண்டு கொடுக்கிறார் என்ற கேள்வியோ நம் ஏடுகளில் அருகியே எழுப்பப்பட்டிருக்கிறது. அக்கேள்வியிலிருந்து தொடங்கி, உழைப்பவர் தம் தொழில் நடக்கும் இடத்திலேயே தமக்கென ஒரு கடன் சங்கம் கண்ட சரித்திரத்தைச் சற்றுப் பின்தொடர்ந்து பார்ப்போம்.

கரைவலையை ஒரு மீன்பிடி முறை என்று மட்டும் எண்ணுவது போதாது. அது கூரையில்லாத ஒரு தொழிற்சாலை. தோணி வலையை ஏற்றிக்கொண்டு கரையிலிருந்து புறப்பட்டு, கடலை அரைவட்டமாக வளைத்து வலையை இறக்கிவிட்டு, கயிற்றின் மறுமுனையோடு கரைக்குத் திரும்பும். இரண்டு முனைகளையும் இரண்டு அணியினர் மணிக்கணக்கில் இழுக்க வேண்டும்; கடைசியில்தான் மீன் நிறைந்த மடி கரையேறும். தோணி, வலை, நெடுங்கயிறு, அந்தக் கரைத் துண்டில் வலை போடும் உரிமையாகிய 'பாடு' ஆகிய யாவும் சம்மாட்டியைச் சேர்ந்தவை. இழுப்பவரிடம் இருப்பவை இரண்டு கைகள். மீன் விற்ற பணத்தில் செலவு போக மிஞ்சியது பங்காகிறது. சம்மாட்டிக்கு ஒரு பெரும்பங்கு போனபின் எஞ்சியது பல கைகளுக்குள் சிதறுகிறது. மே மாதம் தொடங்கித் தென்மேற்குப் பருவக்காற்று மேற்குக் கரையை அறையும் காலத்தில் வலை போட இயலாது. வேறு கரை தேடிப் போய் வாடி அடித்துத் தொழில் செய்வோர் உண்டு. போக இயலாதவர் வீட்டில் உலை எரிவது சம்மாட்டி கொடுக்கும் முற்பணத்தினால்.

இந்த முற்பணத்துக்குப் பெரும்பாலும் வட்டி கிடையாது. கேட்பவர், 'எவ்வளவு தாராளம்!' என்று வியக்கக் கூடும். வட்டி வேறு உருவில் வசூலாகிறது என்பதே இதன் சூட்சுமம். முற்பணம் பெற்றவர் அடுத்த பருவத்தில் அந்த வலையையே இழுக்க வேண்டும். பக்கத்துக் கரையில் கூடுதல் பங்கு கிடைப்பினும் போக முடியாது. பங்கு குறைந்தால் வாய் திறக்கவும் முடியாது. கடன் தீர்ந்தாலல்லவா விடுதலை? அதற்குள் அடுத்த கச்சான் காலம் வந்துவிடும். சம்மாட்டியும் பலவேளை தம் மீனை எடுக்கும் வியாபாரிக்குக் கடன்பட்டவரே. வியாபாரி சம்மாட்டியைப் பிடித்திருக்கிறார். சம்மாட்டி இழுப்பவரைப் பிடித்திருக்கிறார். அதனால் தனி ஒரு மனிதரின் கொடுமையாக இதை எண்ணி ஏசுவதில் பயனில்லை.

மலைநாட்டுத் தோட்டங்களின் சரித்திரம் அறிந்தவருக்கு இது பழகிய கதை. அங்கே கங்காணி கொடுத்த முற்பணம் தொழிலாளியின் தலையில் கடனாக ஏறியது. இன்ன தொகையைக் கட்டினால் இன்னாரை விடுவிப்போம் என்று தோட்டத்தில் எழுதிக் கொடுத்த சீட்டுக்குத் 'துண்டு' என்று பெயர். அந்தச் சீட்டின் வழியே மனிதர் கடனோடு கைமாறினர். 1921ல் சட்டம் துண்டு முறையை ஒழித்தது. கடற்கரையில் துண்டு எழுதப்படவில்லை; எழுதப்படாத ஒன்றைச் சட்டத்தால் ஒழிக்கவும் இயலவில்லை.

இதற்கு மாற்றாகக் கூட்டுறவுக் கடன் சங்கத்தைச் சொன்னவுடன் நம் நண்பர்களில் சிலர் புன்னகை செய்வர். அப்புன்னகைக்குப் பழைய ஆதாரம் உண்டு. ஜெர்மனியில் ஷூல்ஸ் டெலிட்ஷ் என்பவர் 1850ல் தம் சிற்றூரின் தச்சர், செருப்புத் தைப்போர் முதலிய கைவினைஞருக்காகக் கடன் சங்கம் தொடங்கினார். சொந்தப் பட்டறை உள்ளவனுக்குக் கடன் சங்கத்தால் பயன் உண்டு. கூலியை மட்டுமே நம்பியவன் கடன் வாங்கி எதில் போடுவான் என்று 1863ல் லசால் கேட்டார். அடுத்த ஆண்டு சர்வதேசத் தொழிலாளர் சங்கத்தின் தொடக்க உரையை எழுதிய மார்க்ஸ், தொழிலாளரே நடத்திய கூட்டுறவு ஆலைகளை உழைப்பின் பெரும் வெற்றியாகப் பாராட்டினார். அதே மூச்சில், சிறு வட்டங்களுக்குள் நிற்கும் கூட்டுறவால் ஏகபோகத்தின் வளர்ச்சியைத் தடுக்க முடியாதென்றும் எச்சரித்தார். இவ்வெச்சரிக்கை இன்றும் செல்லும். ஆயினும் லசாலின் கேள்விக்கு ஒரு பதில் இருப்பதாக நமக்குத் தோன்றுகிறது. கூலிக்காரன் கடன் வாங்குவது தொழிலில் போடுவதற்கு மட்டுமா? முதலாளியிடம் கடன்பட்டுக் கிடப்பவன் தன் கூலியைப் பேரம் பேச முடியாது. அந்தக் கடனை வேறிடத்துக்கு மாற்றுவதே அவன் பேச்சுக்கு முதல் மூலதனம்.

இனி, கடன் சங்கம் நம் நாடுகளுக்கு வந்த வழியைப் பார்ப்போம். ஜெர்மனியின் வெஸ்டர்வால்டு மலைப்பகுதியில் ஊர்த் தலைவராக இருந்த ரைபைசன், 1846–47 பஞ்ச காலத்தில் செல்வரிடம் பணம் திரட்டி ஏழைகளுக்கு ரொட்டி கிடைக்கச் செய்தார். தருமத்தால் கடன் தீராது என்பதை அனுபவத்தில் கண்டபின், 1864ல் ஹெடஸ்டார்பில் கடன் பெறுவோரே உறுப்பினராகி ஒருவருக்கொருவர் பொறுப்பேற்கும் சங்கத்தை அமைத்தார். இந்தியாவிலே 1875ல் தக்காணத்து உழவர் கிளர்ந்தெழுந்து லேவாதேவிக்காரரின் கடன் பத்திரங்களைப் பறித்துத் தீயிட்டனர். அந்தத் தீயின் வெளிச்சம் ஆங்கில அதிகாரிகளின் கண்ணைக் கூசச் செய்தது. சென்னை மாகாண அரசு பிரெடரிக் நிக்கல்சன் என்னும் சிவில் அதிகாரியை ஆராய்ச்சிக்கு அமர்த்தியது. 1895லும் 1897லும் இரு தொகுதிகளாக வெளிவந்த அவர் அறிக்கை, இந்த நாட்டுக்கு வேண்டியவர் ஒரு ரைபைசன் என்று முடிந்தது. 1904ல் இந்தியச் சட்டம் வந்தது. இலங்கையில் 1906லேயே கண்டிக்கு அருகில் தும்பறைப் பகுதியின் தெல்தெனியாவில் ஒரு சங்கம் தோன்றியிருந்தது. 1911ல் கடன் சங்கங்களுக்கான சட்டம் நிறைவேறியது.

அந்நாளில் தமிழர் இச்சங்கங்களுக்கு இட்ட பெயர் 'ஐக்கிய நாணய சங்கம்.' இப்பெயரை இட்டவர் எவரோ, அவர் தமிழறிந்தவர். நாணயம் என்றால் காசு; நாணயம் என்றால் சொன்ன சொல் தவறாமை. பிற்காலத்தில் வந்த 'சிக்கன கடனுதவிக் கூட்டுறவுச் சங்கம்' என்ற நீண்ட பெயரில் இந்த இரட்டைப் பொருள் இல்லை. ஏழைக்குச் சிக்கனத்தைப் போதிக்கும் தொனி மட்டும் இருக்கிறது. சிக்கனம் பிடிக்க முதலில் கையில் காசு வேண்டாமா?

ஆனால் நாணயம் என்பதை அதிகாரிகள் எதைக் கொண்டு அளந்தனர்? ரைபைசன் முறையில் உறுப்பினர் ஒவ்வொருவரும் சங்கத்தின் முழுக் கடனுக்கும் தம் உடைமை அனைத்தோடும் பொறுப்பு. உடைமை என்றால் நிலம். உழவரின் ஊர் அதற்குப் பொருந்தியது. யாழ்ப்பாணத்திலே புகையிலைத் தோட்டக்காரரும் ஆசிரியரும் கூடி இவ்வியக்கத்தை வளர்த்த விதம் பெருமைக்குரியது. 1929ல் அங்கே கூட்டுறவு வங்கி எழுந்தது. 1930-களில் மலையாளப் புகையிலை விற்பனைச் சங்கமும் மூளாய் கூட்டுறவு மருத்துவமனையும் எழுந்தன. இவற்றின் அடியில் ஒரு பரப்புக் காணியாவது இருந்தது. அலுவலகங்களிலும் பள்ளிக்கூடங்களிலும் சங்கம் நிலைத்ததற்குக் காரணம் வேறு. அங்கே காணிக்குப் பதில் சம்பளப் பட்டியல் இருந்தது. ஆசிரியராக உள்ள நம் வாசகர் தம் மாதச் சம்பளத்தில் சங்கத் தவணை கழிக்கப்பட்டு வருவதை அறிவர். தவணை கை தவறாமல் வந்து சேர்வதை நம்பியே சங்கம் நமக்குக் கடன் தருகிறது. உடப்பின் வலைக்காரருக்குக் காணியும் இல்லை, பட்டியலும் இல்லை. அவருடைய சம்பளப் பட்டியல் ஈர மணலில் குவிந்து கிடக்கும் மீன்.

இவ்விடத்தில் சரித்திரத்தின் ஒரு வினோதத்தைக் குறிப்பிட வேண்டும். ரைபைசனைத் தேடச் சொன்ன அதே நிக்கல்சனைத்தான், ஓய்வு பெற்றபின், 1905ல் சென்னை மாகாண அரசு மீன்பிடித் தொழிலை ஆராயும் பொறுப்பில் அமர்த்தியது. மீன்வளத் துறையைத் தோற்றுவித்தவரும் அவரே. நிலத்தின் கடனையும் கடலின் வறுமையையும் ஒரே மனிதர் கண்டார். மீனவரிடையே ஐக்கிய சங்கங்களை அமைக்க அவர் தொடங்கிய துறையும் முயன்றது. ஆயினும் மீன் விற்பனை வியாபாரியின் கையிலேயே இருந்தவரையில், சங்கத்தில் வாங்கிய கடனைத் திருப்பிக் கட்ட வேண்டிய காசு சங்கத்தை அடையுமுன் வியாபாரியின் பையை அடைந்துவிடும். சங்கம் ஒரு திண்ணையில். மீன் வேறொரு கரையில். இந்த இடைவெளியை அடைக்காத எந்தச் சங்கமும் கடற்கரையில் நிலைத்ததாக நாம் அறியோம்.

1907ல் பாஸ்டன் நகரத்து வணிகர் எட்வர்ட் பைலீன் இந்தியாவைச் சுற்றிப் பார்க்க வந்து, கிராமங்களின் நாணய சங்கங்களைக் கண்டு சென்றார். அவர் முயற்சியும் கனடாவின் லெவி ஊரில் 1900ல் மக்கள் வங்கி தொடங்கிய டெஜார்டனின் முயற்சியும் சேர்ந்து, 1909ல் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் கடன் சங்கச் சட்டம் பிறந்தது. அங்கிருந்து இவ்வெண்ணம் வடக்கே கேப் பிரெட்டன் தீவின் நிலக்கரிச் சுரங்கங்களுக்குப் போயிற்று. அங்கே சுரங்க முதலாளியே வீட்டுக்காரர், அவரே கடைக்காரர். தொழிலாளி கம்பெனிக் கடையில் கடனுக்கு வாங்குவார்; சம்பள நாளில் வாடகை, கரி, மருந்து, கடைக் கடன் எல்லாம் கழிந்து வெறும் கணக்குச் சீட்டு மட்டும் கைக்கு வரும். 1925 மார்ச்சில் வேலைநிறுத்தம் தொடங்கியபோது கம்பெனி செய்த முதற் காரியங்களில் ஒன்று, கடைகளில் கடனை நிறுத்தியது. ஜூன் 11ஆம் நாள் கம்பெனிப் போலீசின் குண்டுக்கு வில்லியம் டேவிஸ் என்னும் சுரங்கத் தொழிலாளி பலியானார். சினங்கொண்ட மக்கள் கம்பெனிக் கடைகளைச் சூறையாடினர். அக்கடைகள் பின்னர் திறக்கப்படவேயில்லை.

கடை ஒழிந்தது, கடன் ஒழியவில்லை. அண்டிகோனிஷ் நகரின் புனித பிரான்சிஸ் சேவியர் பல்கலைக்கழகம் 1928ல் விரிவுக் கல்வித் துறை ஒன்றை நிறுவி, மோசஸ் கோடி என்னும் பாதிரியாரின் தலைமையில் மீனவரிடமும் சுரங்கத் தொழிலாளரிடமும் ஆசிரியரை அனுப்பியது. சிறு சிறு படிப்பு வட்டங்களாகக் கூடி முதலில் கணக்குக் கற்றனர், சட்டம் கற்றனர். அதன் பிறகே சங்கம் வைத்தனர். 1932ல் அம்மாநிலச் சட்டம் வந்தது. 1933ல் ரிசர்வ் மைன்ஸ் என்னும் சுரங்க ஊரில் தொழிலாளரின் கடன் சங்கம் தோன்றியது. அச்சங்கத்தில் பழகிய கைகளே 1938க்குள் தமக்குத் தாமே கூட்டுறவில் வீடுகளையும் கட்டிக்கொண்டன. இந்த இயக்கத்தின் குருமார், மக்லாக்லன் போன்ற கம்யூனிஸ்டுத் தொழிற்சங்கத் தலைவர்களின் செல்வாக்கைத் தடுப்பதையும் தம் பணியாகக் கருதினர் என்பதை மறைக்க வேண்டியதில்லை. நாம் அதை ஒப்பவும் வேண்டியதில்லை. ஆனால் 1925ன் போராட்டம் கம்பெனிக் கடையை மூடியிராவிட்டால், 1933ன் சங்கத்துக்குச் சேரவேண்டிய காசு கடைக்கே சேர்ந்திருக்கும். தொழிற்சங்கம் திறந்த வாசலில்தான் நாணய சங்கம் நுழைந்தது.

நமக்கு அருகில், கடற்கரையிலேயே, இதனினும் பொருத்தமான சான்று இருக்கிறது. திருவனந்தபுரத்துக்கு வடக்கே மரியநாடு என்னும் மீனவக் குடியிருப்பு 1960-களில் மறைமாவட்டத்தின் முயற்சியால் உருவாயிற்று. நளினி நாயக் முதலிய சமூகப் பணியாளர் சிலர் அவ்வூரிலேயே குடியிருந்து பணி செய்தனர். அங்கும் பழைய கதையே. வியாபாரி கடன் கொடுப்பார். ஈடாக மீனை ஏலம் கூறும் உரிமையைப் பெறுவார். ஒவ்வொரு விற்பனையிலும் தரகு கழிப்பார். எத்தனை ஆண்டு கழித்தாலும் முதல் குறையாது. கழித்ததெல்லாம் வட்டிக்குச் சரி. 1960-களின் இறுதியில் மரியநாட்டு மீனவர் ஒன்று துணிந்தனர். கடன் கேட்டு மனுக் கொடுப்பதிலிருந்து அவர்கள் தொடங்கவில்லை. தம் மீனைத் தாமே ஏலம் கூறுவோம் என்பதிலிருந்து தொடங்கினர். வியாபாரிகள் எதிர்த்தனர், வாங்க மறுத்தும் பார்த்தனர். சங்கம் கரையிலேயே தன் விற்பனையாளரை நிறுத்தியது. மீன் விற்ற அந்த நிமிடத்தில், அந்த மணலில், விலையிலிருந்து ஒரு சிறு பங்கு கடன் தவணைக்கும், ஒரு சிறு பங்கு உறுப்பினரின் சேமிப்புக்கும், ஒரு சிறு பங்கு சங்கச் செலவுக்கும் கழிக்கப்பட்டது. மீன் அதிகம் பட்ட நாளில் தவணையும் அதிகம். வெறும் வலையோடு திரும்பிய நாளில் தவணையும் இல்லை. வங்கிக்கு வராத இந்த எளிய ஞானம் கடலை அறிந்தவருக்கு வந்தது. வியாபாரிக்குத் தரகாகக் கழிந்த காசே இப்பொழுது கடனை அடைத்தது. கடன் ஒருநாள் தீர்ந்தும் போயிற்று! மரியநாட்டின் வழியைப் பின்பற்றிச் சங்கங்கள் பெருகி, கன்னியாகுமரி மாவட்டத்துத் தமிழ் மீனவரிடமும் பரவின. 1980ல் அவை தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பாக ஒன்றிணைந்தன. பின்னர் படகு கட்டுமிடங்களையும் தாமே நடத்தின. குறைகளும் உண்டு. கடலுக்குச் செல்வோரையே உறுப்பினராகக் கொண்டமையால், கூடை சுமந்து மீன் விற்ற பெண்கள் நெடுங்காலம் வெளியே நின்றனர்.

அப்படியானால் உடப்புக்கும் அதே வழி என்று எளிதிற் கூறிவிடலாமா? ஒரு வேற்றுமையை மனத்திற் கொள்ள வேண்டும். மரியநாட்டில் கட்டுமரத்தின் சொந்தக்காரர் தாமும் கடலுக்குப் போகிறவர். கூலியாளுக்கும் அவருக்கும் தூரம் குறைவு. இருவருக்கும் பொது எதிரியாக வியாபாரி நின்றார். கரைவலையில் முதல் போட்டவர் வேறு, இழுப்பவர் வேறு. மீன் விற்றவுடன் கழிக்கப்படும் பங்கு சம்மாட்டியின் பெயரில் ஏறுமானால், சங்கம் சம்மாட்டிகளின் வங்கியாகிவிடும். இழுத்த ஒவ்வொருவர் பெயரிலும் ஏற வேண்டும். அதற்கு யார் எத்தனை நாள் இழுத்தார் என்ற வருகைப் பதிவு வேண்டும். அந்தப் பதிவு இழுப்போர் கையில் இருக்க வேண்டும். ரிசர்வ் மைன்ஸில் கணக்குப் படிப்பு முதலில் வந்ததன் காரணம் இதுவே என்று எண்ணுகிறோம். உடப்பிலும் சுற்றூர்களிலும் பணிபுரியும் ஆசிரியருக்கு இதில் வேலை இருக்கிறது.

இலங்கையில் வடக்கின் சீவல் தொழிலாளர் இவ்வகையில் நமக்கு ஒரு முன்மாதிரி. தவறணைக் குத்தகைக்காரருக்குக் கள் இறக்கிக் கொடுத்து வாழ்ந்த அவர்கள், 1972 முதல் பனை தென்னை வளக் கூட்டுறவுச் சங்கங்களாக அமைந்து விற்பனையைத் தம் கைக்குக் கொண்டுவந்தனர். மீனவருக்கும் அரசாங்கம் சங்கங்களை அமைத்ததுண்டு. இயந்திரப் படகும் நைலான் வலையும் 1950-களின் இறுதியிலிருந்து பரவிய நாளில் அவை பெரும்பாலும் படகுக்குக் காத்து நிற்கும் வரிசைகளாகவே இருந்தன. கரையில் ஏலம் கூறும் குரல் வியாபாரியின் குரலாகவே நீடித்தது. 1961ல் மக்கள் வங்கி கூட்டுறவின் பெயரால் திறக்கப்பட்டது. 1978லிருந்து கிரிவந்தெனியாவின் முயற்சியால் சிக்கன கடனுதவிச் சங்கங்கள் புத்துயிர் பெற்று, சணச என்ற பெயரில் நாடெங்கும் பரவின. இவையெல்லாம் நல்ல காரியங்களே. நிலமும் சம்பளமும் அற்றவரை இவை எவ்வளவு தூரம் எட்டின என்பதை வேறொரு நிகழ்ச்சி காட்டிவிட்டது.

2021ல் பொலன்னறுவை மாவட்டத்து ஹிங்குராக்கொடையில், நுண்கடன் கம்பெனிகளிடம் கடன்பட்ட பெண்கள் வாரக்கணக்கில் தெருவோரத்தில் அமர்ந்து சத்தியாக்கிரகம் செய்தனர். அக்கம்பெனிகள் கையாண்ட முறையை உற்று நோக்கினால் வியப்புத் தோன்றும். ஐந்தாறு பெண்கள் ஒரு குழு. ஒருவர் தவறினால் மற்றவர் கட்ட வேண்டும். இது ரைபைசனின் கூட்டுப் பொறுப்பல்லவா! பொறுப்பை மட்டும் எடுத்துக்கொண்டார்கள், உடைமையை விட்டுவிட்டார்கள். நாணய சங்கத்தில் கடன் வாங்கியவர் சங்கத்தின் சொந்தக்காரர். வட்டியும் அவருக்கே திரும்பும், கூட்டத்தில் எழுந்து நின்று கேள்வி கேட்கவும் முடியும். கம்பெனியின் குழுவில் அவர் பக்கத்து வீட்டுக்காரியின் கடனுக்கு வெறும் காவற்காரி.

கரையிலும் காலம் மாறிவருகிறது. அண்மை ஆண்டுகளில் இலங்கையின் பல கரைவலைப்பாடுகளில் உழவு இயந்திரத்தில் வின்ச் பூட்டிக் கயிறு இழுக்கப்பட்டு வந்திருக்கிறது. பல பேர் செய்த வேலையைச் சிலர் செய்தார்கள். அம்பாப் பாட்டுக்கு அங்கே இடமில்லாமற் போயிற்று. உழைப்பின் கடுமை குறைந்ததற்கு வருந்துவோர் அந்தக் கயிற்றை ஒருநாளும் பிடித்திராதவர்கள். ஆனால் இயந்திரம் எவர் கடனில், எவர் பெயரில் வாங்கப்படுகிறது என்பதைக் கேட்க வேண்டும். இழுப்போர் சங்கமாகக் கூடி அதை வாங்கியிருந்தால் மிச்சமாகும் பங்கு அவர்களுக்குள்ளேயே நின்றிருக்கும். சம்மாட்டி தவணைக்கு வாங்கினால், அத்தவணையும் வலைச் செலவோடு சேர்ந்து, பங்கு பிரிக்குமுன்னே கழிக்கப்படும்.